இறந்தவர்கள் பேசிய வருஷம்

ஊரிலுள்ள எல்லோரையும் பேர் சொல்லி அழைத்த என் நடேசண்ணா,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. தையில் வரும் திதிக்காக உங்கள் படத்தை வெண்ணந்தூரில் சட்டம் போடக் கொடுத்திருக்கிறார் அண்ணி. அதற்குள் இந்த வருஷத்துச் சேதியை உங்களிடம் சொல்லிவிட வேண்டும். செய்தித்தாளைப் பார்த்தால் வழக்கம்போல ஒரு வருஷம்தான். தேர்தல் வந்தது, நோம்பி, திருவிழா எல்லாம் வந்தன, படங்கள் ஓடின. ஆனால் எனக்கு இது இறந்தவர்கள் பேசிய வருஷம்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மைக்கில் அறிவிப்புச் செய்பவர். ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் வரைக்கும் கோயில் நோம்பி, பள்ளிக்கூட விழா, கட்சிக் கூட்டம், காது குத்து எல்லாவற்றுக்கும் அவர் குரல்தான். அவர் சொன்னால் தண்ணீர் லாரி வரும். அவர் சொன்னால் காணாமல் போன குழந்தை மேடைக்கு வந்து சேரும்.

மாசியில் மாரியம்மன் நோம்பிக்கு இசைக்குழு வந்தது. காலமாகிவிட்ட ஒரு பாடகர், போன மாசம் வந்த படத்தின் பாட்டை ஸ்பீக்கரில் பாடினார். கம்ப்யூட்டர் பாடவைத்ததாம். ஒன்ஸ்மோர் கேட்டார்கள். நானும் கை தட்டினேன், அண்ணா. நன்றாகத்தான் இருந்தது.

பங்குனித் தேருக்குக் கோயில் கமிட்டி முத்து மாமா வீட்டுக்கு வந்தார். "நடேசன் இல்லாம தேரு இழுக்க மனசு வரலீங்க. பழைய ரெக்கார்டிங்கு எங்ககிட்ட இருக்குது. அவரு குரலையே பேச வெச்சரலாம்னு பசங்க சொல்றாங்க," என்றார். அண்ணி சம்மதித்தார். தேரன்று காலையில் உங்கள் குரல் தெருவில் இறங்கியபோது, வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அவரேதான் அம்மிணி, அவரேதான்," என்று அழுதார். அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை.

பிறகு தேர்தல். எப்போதோ இறந்துபோன தலைவர் ஒருவர் வேனில் கட்டிய திரையில் வந்து இன்றைய விலைவாசியைப் பேசினார். கூட்டத்தில் யாரும் திடுக்கிடவில்லை. அடுத்த நாள் ஆட்டோவில் நீங்கள் வந்தீர்கள்.

உயிரோடு இருந்தவரை எல்லாக் கட்சிக்கும் பேசுவீர்கள். ஆனால் எந்த ஆளையும் திட்டமாட்டீர்கள். எழுதிக் கொடுத்த தாளில் வசவு இருந்தால் அடித்துவிட்டுத்தான் மைக்கைப் பிடிப்பீர்கள். அந்த ஆட்டோவில் உங்கள் குரல் ஒரு வேட்பாளரின் குடும்பத்துப் பெண்களைப் பற்றிப் பேசியது. இங்கே எழுத முடியாத பேச்சு. நான் பின்னாலேயே ஓடி ஆட்டோவை நிறுத்தினேன்.

"இது யாரு பேசறதுன்னு தெரியுமா தம்பி?"

"தெரியாதுங்கக்கா. பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தாங்க."

கமிட்டியில் கேட்டால், எங்களிடமிருந்து போகவில்லை என்றார்கள். அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று இன்று வரை தெரியவில்லை. அன்று முதல் அண்ணி வாசல் பக்கம் நிற்பதை விட்டுவிட்டார்.

ஆடிப் பதினெட்டு கழிந்த மறுநாள்தான் அது வந்தது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் குரல். "நேத்து நோம்பிக் கூட்டத்துல ஒரு குழந்தையத் தூக்கப் பார்த்திருக்காங்க. தறிப் பட்டறைக்கு வந்திருக்கற வடக்கத்தி ஆளுங்கதான். லைன் வீட்டுப் பக்கம் உஷாரா இருங்க." அதே நிதானம். வாக்கியத்தின் கடைசியில் நீங்கள் விடும் அதே மூச்சு.

நம் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டியிருக்கும் லைன் வீடுகளில் ஒன்றில் ராஜேஷ், சுனிதா, அவர்களுடைய மூன்று வயதுப் பெண் குடியிருந்தார்கள். விசைத்தறி ஓட்ட பீகாரிலிருந்து வந்தவர்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணிக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவள் சுனிதா.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கூட்டம் வந்துவிட்டது. எல்லாம் தெரிந்த முகங்கள். நான் சந்தில் குறுக்கே நின்றேன்.

"எங்கண்ணன் தையிலயே போய்ட்டாரு. ஆடி நோம்பிய அவரு எந்தக் கண்ணுல பார்த்தாரு? கொஞ்சம் யோசிங்க."

இதற்கு மேல் ஒரு ஆதாரம் வேண்டுமா என்று நினைத்தேன். முன்னால் நின்ற முத்து மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதத்தான் நாங்களும் சொல்றோமுங்க அம்மிணி. தேருக்குப் பேசுனத நாங்க எழுதிக் குடுத்தோம், இத யாரும் எழுதிக் குடுக்கலீங்க. செத்தவரு வந்து சொல்றாருன்னா அது சாமி வாக்குங்க. சும்மா விடலாமுங்களா?"

அண்ணா, பொய் என்று காட்டக் கையில் இருந்ததே ஒன்றுதான். அதை அவர்கள் சாட்சியாக்கிவிட்டார்கள். இனி எதைச் சொல்வது?

யாரோ கல்லை எடுத்தார்கள். லைன் வீட்டுத் தகரக் கதவில் அது விழுந்த சத்தம் கேட்டு நம் வீட்டுப் பின்வாசலிலிருந்து அண்ணி வந்தார். இடுப்பில் சுனிதாவின் பெண். கூட்டத்தின் நடுவில் போய் நின்றார்.

"அவரு பேசறதுன்னா மொதல்ல எங்கிட்டப் பேசுவாருங்க. இத்தன மாசமா ஒரு வார்த்த பேசல. இந்தப் புள்ளையத் தூக்கிட்டு வந்தது நாந்தான். அடிக்கறதுன்னா என்னைய அடிங்க."

குழந்தை அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் முதலில் கலைந்தார்கள். முத்து மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசியாகப் போனார்.

விடிந்ததும் ராஜேஷ் குடும்பம் சேலம் பஸ் ஏறிவிட்டது. இருக்கச் சொல்லி அண்ணி எவ்வளவோ கெஞ்சினார். "பயம் அக்கா," என்றாள் சுனிதா. அவளுக்குத் தமிழ் நன்றாகவே வரும். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

காவல் நிலையத்தில் புகார் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. கடைசி ஆடி வெள்ளிக்குக் கோயிலில் கூழ் ஊற்றியபோது நானே மைக்கை வாங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை. "என் அண்ணன் குரலில் இனி எது வந்தாலும் அது பொய்," என்று சொன்னேன். நிறையப் பேர் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். நல்லது, நாலு பேருக்குப் போய்ச்சேரட்டும் என்று நினைத்தேன்.

போன வாரம் அண்ணி போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதில் என் குரல்.

"எங்கண்ணன் சொன்னது நெசந்தானுங்க. என்னைய மெரட்டித்தான் பொய்யின்னு சொல்ல வெச்சாங்க."

என் குரல்தான் அண்ணா. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "இத எப்ப அம்மிணி சொன்ன?"

கூட்டத்தின் நடுவில் நின்ற அண்ணியே கேட்கிறார். பக்கத்து வீட்டு ருக்மணியக்கா நான் பேசும்போது இப்போதெல்லாம் என் உதடுகளையே பார்க்கிறார். வாழப்பாடியில் வேறொரு பட்டறையைச் சுற்றிக் கூட்டம் கூடியதாக நேற்றுக் கேள்விப்பட்டேன். அங்கே ஓடியது யார் குரல் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

திதியன்று உங்கள் குரலை ஊருக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று கமிட்டியில் கேட்டார்கள். கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனி மைக்கைத் தொடமாட்டேன், போனில் சொல்லமாட்டேன். வீடு வீடாக நடந்து, எதிரில் நின்று, அவர்கள் கையை என் கையில் பிடித்துக்கொண்டு சொல்வேன். நம்பாதவர்களிடம் மறுபடியும் போவேன். நாளைக்குக் காலையில் முதல் வீடு முத்து மாமா வீடு.

இன்னும் தன் வாயால் பேசுகிற,
உங்கள் தங்கை மல்லிகா