ஆனை வராத தோப்பு

சேத்தூர்
3-10-2025

அன்புள்ள மாப்பிள்ளை சமுத்திரத்துக்கு, தங்கச்சாமி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் நலம். அங்கே பூனாவில் நீயும் என் தங்கச்சி அய்யம்மாளும் பேத்தியும் நலமாக இருக்க இருளப்பசாமி துணை. தங்கச்சி புருஷன் ஆச்சே, ‘நீங்கள்’ போட்டு மரியாதையாக எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஒன்றாம் வகுப்பில் இருந்து கூடவே அடி வாங்கியவனுக்கு அது வரமாட்டேன் என்கிறது. அவள் கோபித்துக்கொண்டால் நீயே சமாதானம் சொல்லிவிடு.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். நீ கிரேனுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு ‘ம், ம்’ என்று சொல்வதைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தவிர, இது நின்று நிதானமாகச் சொல்லவேண்டிய சங்கதி.

முதலில் நல்ல சேதி. உன் வீட்டுக்குச் செங்கல் இறங்கிவிட்டது. தோப்பில் கிணற்றுக்குக் கிழக்கே, தங்கச்சி கேட்ட அதே இடத்தில் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிவிடலாம் என்கிறார் கொத்தனார். முன் ஜன்னல் மலையைப் பார்த்து இருக்கவேண்டும் என்று அவள் மூன்று தடவை போனில் சொல்லிவிட்டாள். முப்பத்தோரு வருஷம் பத்துக்குப் பத்து அறையில், எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே குடித்தனம் நடத்தியவள். ஜன்னல் என்ன, நாலு பக்கமும் கேட்கட்டும்.

இனி சங்கதிக்கு வருகிறேன். மலையில் புலிகள் காப்பகம் வந்தது உனக்குத் தெரியும். இப்போது அதைச் சுற்றி அடிவாரத்திலும் ஒரு பாதுகாப்பு மண்டலம் வரப்போகிறதாம். வரைவு என்று சொல்லி ஒரு படம் வெளியிட்டிருக்கிறார்கள், அதில் ஒரு பச்சைக் கோடு. கோட்டுக்குள் விழுந்த நிலம் நம்முடையதுதான், பட்டாவும் நம் பேரில்தான் இருக்கும். ஆனால் வீடு கட்ட, போர் போட, மரம் வெட்ட என்று எல்லாவற்றுக்கும் ஒரு கமிட்டி முன்னால் போய் நிற்கவேண்டும். விவசாயத்துக்குத் தடையே இல்லை என்று சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். தாலி கட்டு, பெண்டாட்டியோடு பேச மட்டும் மனுப் போடு என்பது போல இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் லக்ஷ்மிநரசிம்மன் நம் சங்கக் கூட்டத்துக்கு வந்து விளக்கினார். கனடா தேசத்தில் நூற்றுத் தொண்ணூறு சொச்சம் நாட்டுக்காரர்கள் கூடி, உலகத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு நிலத்தைக் காட்டு ஜீவன்களுக்கும் மரம் செடிக்கும் பாதுகாத்து வைப்பது என்று ஒப்புக்கொண்டார்களாம். அதற்கும் இந்தக் கோட்டுக்கும் நேரடியாகச் சம்பந்தம் இல்லை என்றும் அவரே சொன்னார். அந்தப் பாதி யார் காதிலும் விழவில்லை. என் காதிலும்தான். கனடாவில் இருக்கிறவனுக்குச் சேத்தூர் கிழக்கா மேற்கா என்று தெரியுமா? கண்ணால் பார்க்காத நிலத்துக்குக் கையெழுத்துப் போட அவன் யார்? அன்று நான் எழுதிக்கொடுத்த வாசகம் இப்போது ராஜபாளையம் வரைக்கும் தட்டியில் நிற்கிறது: ‘கனடாவில் கையெழுத்து, சேத்தூரில் தலையெழுத்து!’ செட்டியார்பட்டிக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் காட்டுக்கு எதிரி இல்லை என்பது உனக்குத் தெரியும். நம் சாமியே காட்டுக்குள்தான் குடியிருக்கிறது. போன ஆடியில் இருளப்பசாமிக்குப் பொங்கல் வைக்கப் போனோம். செக்போஸ்டில் பேர் எழுதி, ஆதார் நம்பர் எழுதி, நாலு மணிக்குள் இறங்கிவிடுகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. பாட்டன் கும்பிட்ட சாமியைப் பார்க்கப் பேரன் கேட்டில் நின்று கெஞ்சவேண்டியிருக்கிறது. மலையைக் கும்பிடத் தெரிந்தவனுக்கு அதைக் காப்பாற்ற எவனோ வந்து சொல்லித்தர வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

இருபத்தெட்டாம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். சங்கத்தின் சார்பில் முதலில் பேசப்போவது நான். உன் தோப்பும் கோட்டுக்குள் விழுந்திருக்கிறது, ஆனால் நீ கவலைப்படாதே. என் உயிர் இருக்கிறவரை உன் செங்கலில் ஒன்றைக்கூட எவனும் அசைக்க முடியாது. தங்கச்சியிடம் ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கச் சொல்.

இப்படிக்கு,
உன் மச்சான் தங்கச்சாமி,
செயலாளர், மலையடிவார மா விவசாயிகள் சங்கம்.


சேத்தூர்
9-11-2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்கவேண்டும்.

நீ நாலு தடவை போன் பண்ணினாய். எடுத்தது ஒரு தடவை. அப்போதும் மழை நன்றாகப் பெய்கிறது, கண்மாய் பெருகிவிட்டது என்று ஏதேதோ சொன்னேன். கூட்டம் என்ன ஆச்சு என்று நீ கேட்டதற்கு நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிப் போனை வைத்தேன். நல்லபடியாக முடியவில்லை மாப்பிள்ளை.

இரண்டு பஸ் பிடித்து நூற்றைம்பது பேர் போனோம். எனக்குத்தான் முதல் மைக். எங்கள் அடிவாரத்தில் ஆனை நடமாட்டமே கிடையாது, எங்கள் பாட்டன் காலத்திலும் கிடையாது, இது கனடாக்காரனுக்காக வரைந்த படம் என்று ஒரு பிடி பிடித்தேன். மண்டபமே அதிரும்படி கைதட்டினார்கள். கூட்டத்தை நடத்திய அதிகாரி ஒரு பெண், நம் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். கோபமே படவில்லை. ஒரு கட்டுக் காகிதத்தைப் பிரித்து, ஐயா இந்த மனுக்கள் எல்லாம் நீங்கள் எழுதியதுதானே என்று கேட்டாள். பின்னால் திரையில் ஒவ்வொன்றாக வந்தது. ஆனைச் சேதத்துக்கு நிவாரணம் கேட்டுப் பதினாலு வருஷமாக நம் ஊர்க்காரர்கள் கொடுத்த மனுக்கள். என் எழுத்து மணி மணியாக இருக்கும் என்று ஊரே என்னிடம்தானே எழுதி வாங்கும்? எந்தத் தேதியில் வந்தது, எந்தப் பக்கமாக இறங்கியது, எந்த ஓடை வழியாகத் திரும்பியது என்று சர்வே நம்பரோடு விலாவாரியாக நானே எழுதியிருக்கிறேன்.

இவற்றை வைத்துத்தான் ஆனை வரும் தடத்தைக் குறித்தோம், இவ்வளவு துல்லியமாக வேறு எந்த ஊரிலும் யாரும் எழுதித் தரவில்லை, உங்களுக்கு நன்றி என்றாள். கேலியாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்தப் பிள்ளை மனசாரத்தான் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து உன் பக்கத்துத் தோப்புச் சின்னக்கருப்பன் எழுந்துவிட்டான். ‘ஏலே தங்கச்சாமி, ஆனையே வரலைன்னு சொல்லுதியே, அப்பம் என் தென்னை அம்புட்டையும் தின்னுட்டுப் போனது யாருலே, உங்க அப்பனா?’ என்று மைக் இல்லாமலே கேட்டான். நம் ஆட்கள்தான் முதலில் சிரித்தார்கள்.

இதோடு போயிருந்தால் நாலு நாள் சிரிப்போடு போயிருக்கும். நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

திரையில் அந்தப் பச்சைக் கோட்டைப் பெரிதாகக் காட்டினார்கள். சின்னக்கருப்பன் தோப்பின் கிழக்கு ஓரமாக நேராக வருகிற கோடு, உன் தோப்பு வந்ததும் முழங்கையை மடக்கின மாதிரி வெளியே வளைந்து, நாலு ஏக்கரையும் உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பிப் போகிறது. வளைவு எதற்கு என்று வக்கீல் கேட்டார். அதற்கும் ஒரு மனு வந்தது. 2021 ஆடி மாதம், பதினோரு சப்பட்டை மாமரங்கள் ஆனையால் சாய்ந்தன என்று. மனுதாரர் நீ. கையெழுத்து உன்னுடையது.

உன் தோப்புக்கு ஆனை வந்ததே இல்லை மாப்பிள்ளை. அந்த மரங்களைச் சாய்த்தது ஆடிக்காற்று.

கொரோனா சமயம். உனக்கு அங்கே பாதிச் சம்பளம்கூட வரவில்லை என்று தங்கச்சி அழுதாள். காற்றில் விழுந்த மரத்துக்கு ஒன்றும் கிடைக்காது, ஆனை தள்ளியது என்றால் கிடைக்கும் என்றார்கள். நீ லீவுக்கு வந்து போகும்போதெல்லாம், எதுக்காவது ஆகும் வச்சுக்கோ மச்சான் என்று வெள்ளைத்தாளில் நாலைந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவாயே, அதில் ஒன்றை எடுத்தேன். சின்னக்கருப்பன் தோப்பில் கிடந்த ஆனை லத்தியைச் சாக்கில் அள்ளி வந்து உன் மரத்தடியில் போட்டேன். வனக்காவலர் வந்து பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பணம் வந்ததும், மரம் விழுந்ததற்கு அரசாங்கம் கொடுத்தது என்று உன்னிடம் சொன்னேன். காற்றுக்குத்தான் கொடுத்தார்கள் என்று நீ நினைத்துக்கொண்டாய், நானும் திருத்தவில்லை. தங்கச்சி குடும்பத்துக்கு நல்லது செய்துவிட்டதாக நாலு வருஷமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பார்க்காத நிலத்துக்குக் கையெழுத்துப் போட அவன் யார் என்று கேட்டேனே. நீயும் பார்க்காமல்தான் போட்டாய். என்னை நம்பிப் போட்டாய். அந்த நம்பிக்கைக்கு மேலேதான் நான் ஆனையை எழுதினேன்.

மறுநாள் வக்கீலைத் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம், அந்த மனு பொய் என்று நிலத்துக்காரரே எழுதினால் கோடு நேராகலாம் என்றார். ஆனால் பொய் மனு கொடுத்தது நீ என்று ஆகும், வழக்கு வந்தாலும் வரலாம். ஒரு மனு பொய் என்றால் மற்ற மனுக்களையும் சந்தேகப்படுவார்கள். நிஜமாகவே நாற்பது தென்னையைப் பறிகொடுத்த சின்னக்கருப்பனுக்கு அடுத்த தடவை ஒன்றும் கிடைக்காது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, நல்லா யோசிச்சு செய்யுங்க என்று அனுப்பிவிட்டார்.

யோசித்தேன். பெட்டியில் உன் கையெழுத்தோடு இன்னும் ஒரே ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. என் மச்சான் எனக்குத் தெரியாமல் எழுதிய பொய் இது, என் தோப்பில் ஆனை வந்ததில்லை என்று அதில் எழுதிக் கொடுத்துவிடுவது, வருவதை நானே ஏற்பது என்று முடிவு பண்ணினேன். அது செவ்வாய்க்கிழமை. எழுதுவதற்கு முன்னால் செங்கல்லை ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று புதன்கிழமை காலையில் தோப்புக்குப் போனேன்.

ஆனை வந்திருந்தது.

தார்ப்பாய் தூரத்தில் கிடந்தது. செங்கல் அடுக்கில் ஒரு மூலை சரிந்திருந்தது. கிணற்றடியில் நீ நட்ட மூன்று தென்னம்பிள்ளைகளையும் பிடுங்கிக் குருத்தைத் தின்றிருந்தது. ஈரமண்ணில் தடம் அச்சாகத் தெரிந்தது. பெரிய தடத்துக்குப் பக்கத்திலேயே, நான் சோறு தின்கிற வட்டில் அளவுக்கு ஒரு சின்னத் தடம். தாயும் குட்டியும். தங்கச்சி வீட்டுக்குக் குறித்த இடத்தின் குறுக்கே நடந்து மலையைப் பார்த்துப் போயிருக்கின்றன.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு மாங்கிளையை ஒடித்துத் தடத்தின் மேலே இழுத்தேன். குனிந்து குனிந்து, ஒவ்வொன்றாக அழித்தேன். லத்தியைக் குழி தோண்டிப் புதைத்தேன். அன்றைக்கு இல்லாத ஆனைக்குச் சாக்கு சுமந்தவன், இன்றைக்கு வந்த ஆனையை மறைத்துக்கொண்டிருந்தேன், அறுபத்திரண்டு வயதில். எனக்கே வெட்கமாக இருந்தது. யாராவது பார்த்திருந்தால் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அந்தக் குட்டியின் தடம் ஒன்றை மட்டும் என்னால் அழிக்க முடியவில்லை. அதன் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது அந்தத் தாளில் நான் என்ன எழுதுவது? ஆனை வரவில்லை என்று எழுதினால் அன்றைக்கு அது மெய், இன்றைக்குப் பொய். வந்தது என்று எழுதினால் ஆனைத் தடத்தில் வீடு கட்ட எந்தக் கமிட்டியும் விடாது, உன் வீடு போயிற்று. ஒன்றும் எழுதாமல் விட்டாலும் போயிற்று. ஊருக்கே மனு எழுதியவனுக்கு ஒரு வரி வரவில்லை.

செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கும் நீதான் பேசணும் என்று சங்கத்தார் வந்தார்கள், தொண்டை சரியில்லை என்றேன். தட்டிகள் இன்னும் நிற்கின்றன. பஸ்ஸில் ராஜபாளையம் போனால் அந்த இடம் வரும்போது மறுபக்கம் திரும்பிக்கொள்கிறேன். அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லை என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். சொல்கிற வாய் என்னுடையதாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

திரைத்துணி வாங்கிவிட்டதாக உன் பேத்தி போட்டோ அனுப்பியிருந்தாள். நீல நிறம், நன்றாக இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தங்கச்சியிடம் நீதான் படித்துக் காட்டவேண்டும், அவளிடம் பேச எனக்குத் தைரியம் இல்லை. திட்டுவது என்றால் எம்புட்டு வேண்டுமானாலும் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். தைக்கு வருவதை மட்டும் நிறுத்திவிடாதே. உனக்கு வீடு இல்லை என்று ஆனாலும் என் வீட்டில் மேற்குப் பக்கத்து அறை இருக்கிறது. அதன் ஜன்னலும் மலையைப் பார்த்துத்தான் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்து வைக்கிறேன்.

அந்தக் கடைசி வெள்ளைத்தாளை இதோடு வைத்திருக்கிறேன். நிலம் உன்னுடையது, நீயே எழுது. உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் சாட்சி என்று போட்டு என் கையெழுத்தையும் போட்டுவிட்டேன். மேலே என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது. நீ எனக்குப் போட்டுக் கொடுத்தது போலவே போட்டிருக்கிறேன்.

இருளப்பசாமி உங்களைக் கைவிடாமல் இருக்கட்டும்.

உன் மச்சான்,
தங்கச்சாமி