சிரட்டை என் கைக்கு வந்தது

1992 ஆடி, சனிக்கிழமை

குஞ்சு, உன் தங்கச்சி வதனி இன்றைக்கு உன்னைப் பற்றி வாய் திறந்தாள். என்னிடம் இல்லை.

உன்னைச் சுடலைக்குக் கொண்டுபோய் எட்டு மாதம். அவளுக்கு எழுத்து மனதில் நிற்பதில்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கடிக்கிறாள் என்றுதான் நல்லூரில் ஒரு ரீச்சரிடம் விட்டேன். அப்படியான ஏழு பிள்ளைகளை வட்டமாக இருத்திக் கதைக்க வைக்கிறார். ஒரு தேங்காய்ச் சிரட்டை கைக்குக் கை போகும். அதை வைத்திருப்பவர்தான் கதைக்கலாம். தாய்மார் வெளியே இருக்க வேண்டும்.

இன்று யன்னலால் எட்டிப் பார்த்தேன். வதனி சிரட்டையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கதைத்தாள். பிறகு ரீச்சரின் மடியில் தலையை வைத்தாள். எட்டு மாதமாக என் மடிப்பக்கம் வராதவள். பெற்றவள் நான்.

முடிந்ததும் ரீச்சரிடம், "என்ன சொன்னவள்?" என்றேன்.

"தமக்கையைப் பற்றி. மிச்சத்தை அவளே உங்களுக்குச் சொல்லட்டும். நீங்கள் கேக்காதேங்கோ."

நான் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் குசினி அடுப்படியில் கிடந்த சிரட்டை ஒன்றை அவள் கையில் திணித்தேன். "இப்ப எனக்குச் சொல்லு. ரீச்சருக்குச் சொல்லத் தெரியுமெல்லோ?"

அவள் அழவில்லை, கடிக்கவும் இல்லை. சிரட்டையை என் கையில் திருப்பி வைத்தாள்.

"முதல்ல நீங்கள் சொல்லுங்கோ அம்மா. அங்கை ரீச்சரும் தன்ரை தம்பி செத்ததைச் சொன்னவ."

எதிரே காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்து என் வாயையே பார்த்தாள். உன் பெயர்கூட எனக்கு வரவில்லை. பார்த்துப் பார்த்து அப்படியே நித்திரையாகிவிட்டாள்.

உன்னைப் பற்றி நான் எதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும், குஞ்சு?