வெந்நீர்க்கடை அக்காவின் காய்ச்சல்

1934 ஜூன் 3, சூஜோ

காலையில் ஐந்து நோயாளிகள். மூவருக்கு வெயில், ஒருவருக்கு நேற்றுச் சாப்பிட்ட நத்தை, ஒருவருக்கு மருமகள்.

மருந்துக்கடையில் தாவ் வைத்தியர் நின்றிருந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர் வைத்தியம், இந்தப் பக்கம் என்னுடையது. என் சீட்டைக் கடைக்காரர் கையிலிருந்து வாங்கிப் படித்துவிட்டு, "பூ, இலை, புதினா... காய்ச்சலுக்கா, தேத்தண்ணிக்கா?" என்றார்.

"நீங்க போடற எடையைப் பாத்தா, உங்க சீட்டோட வர்றவங்க குதிரையையும் கூட்டிக்கிட்டு வர்றாங்களா?" என்றேன். கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

உடம்பின் ஆறு வழிகளில் காய்ச்சல் எதில் நிற்கிறது என்று பார்ப்பவர் அவர். வெக்கை நோய் தோலிலிருந்து ரத்தம்வரை நான்கு படி இறங்கும், இப்போது எத்தனையாவது படி என்று பார்ப்பவள் நான். இந்த ஊரில் இதற்காக அண்ணன் தம்பி பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

வெந்நீர் வாங்கப் போனால் நியு அக்கா சும்மா விட்டாளா? "முப்பத்திநாலு வயசாச்சு. ஊரு நாடியெல்லாம் பிடிக்கிறே, ஒரு கையைப் பிடிச்சு வெச்சுக்கத் தெரியலையே!" வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். என் கெண்டியில் மட்டும் ததும்பத் ததும்ப ஊற்றினாள்.

ஜூன் 6

வெந்நீர்க்கடை மூடியிருக்கிறது. பத்து வருடத்தில் இதுதான் முதல் தடவை. சந்து முழுக்க வெறும் கெண்டியோடு ஆட்கள்.

நியு அக்காவுக்குக் காய்ச்சல். தொண்டை வலி, லேசான குளிர், நாக்கின் ஓரம் சிவப்பு. முதல் படிதான். தங்கவெள்ளிப் பூவும் புதினாவும் எழுதினேன். "இது தேத்தண்ணியில்லே?" என்று கேட்டாள். தாவ் சொன்னது அதற்குள் அடுப்படிவரை வந்துவிட்டது!

ஜூன் 8

குறையவில்லை. ஏறியிருக்கிறது.

இன்று அவள் வீட்டு வாசலில் தாவ் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் புருஷன் ஆகென் என் முகத்தைப் பார்க்காமல், "கோச்சுக்காதீங்க வைத்தியரம்மா... பயமாயிருந்துச்சு, அவரையும் கூப்பிட்டேன்" என்றார். இங்கே எல்லோரும் செய்வதுதான். இருந்தாலும் சுருக்கென்றது.

தெருவில் நின்று அவரோடு அரைமணி நேரம் வாதாடினேன். மழை கொட்டியது. குடை என்னிடம் இருந்தது, அவரிடம் இல்லை. அதைக் கூட நான் கவனிக்கவில்லை. அவர் என்ன மருந்து எழுதினார் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை.

கடைசியில் ஆகென் வெளியே வந்து, "நீங்க ரெண்டு பேரும் அதுக்கு என்ன பேரு வேணும்னாலும் வெச்சுக்குங்க. அவ எந்திரிச்சா போதும்" என்றார். தலை குனிந்து வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 9

எழுதவே கூசுகிறது. எழுதித்தான் ஆகவேண்டும்.

கஷாயச் சக்கையை இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் பாலத்தடித் தெருமுனையில்தான் கொட்டுகிறார்கள். மிதித்துப் போகிறவர்கள் நோயையும் கொண்டு போய்விடுவார்களாம். எங்களைப் போன்றவர்களுக்கு யார் என்ன எழுதியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. காலையில் குந்தி உட்கார்ந்து கிளறிப் பார்த்தேன். மாஹுவாங் குச்சி! இலவங்கப்பட்டைக் குச்சி! ஏற்கெனவே எரிகிற உடம்புக்கு இந்தச் சூட்டு மருந்தைப் போயா கொடுப்பார் ஒரு மனுஷன்? கொல்லப் பார்க்கிறாரா?

சக்கையைக் கைக்குட்டையில் அள்ளிக்கொண்டு நேரே பாலத்தைத் தாண்டினேன். அவர் கூடத்தில் ஏழெட்டு நோயாளிகள். மேசைமேல் கொட்டி, "இது என்னது? வைத்தியமா, கொள்ளியா?" என்று கத்தினேன்.

தாவ் ஜூன் மாதத்தில் பஞ்சு அங்கி போர்த்தி உட்கார்ந்திருந்தார். மூக்கு சிவந்திருந்தது. நாலு தும்மல் போட்டார். பிறகு, "அது எனக்குக் காய்ச்சினது. நேத்து யாரோ ஒருத்தங்க மழையிலே நிக்க வெச்சுட்டாங்க" என்றார்.

கையை நீட்டினார். நாடி மேலே மிதந்து இறுகியிருந்தது. வியர்வை இல்லை. குளிர் முதல் வழியில் நிற்கிறது. மாஹுவாங் கச்சிதமான மருந்து. நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். ஒரு பாட்டி வாய்விட்டுச் சிரித்தாள்.

"அப்போ அக்காவுக்கு என்ன எழுதினீங்க?"

"ஒண்ணும் எழுதலை. நீங்க குடுத்ததையே இன்னும் ஒரு நாள் குடுத்துப் பாக்கச் சொன்னேன். உங்ககிட்ட சொல்லிடாதீங்கன்னும் சொன்னேன். தலைக்கனம் ஏறிடுமே!"

திரும்பி வரும்போது பாலத்தில் யார் எதிரே வந்தார்கள் என்றே தெரியவில்லை. அவ்வளவு வெட்கம். ஏனோ, கொஞ்சம் சந்தோஷமும்.

ஜூன் 10

அக்காவுக்கு மோசம். உடம்பு கொதிக்கிறது, வியர்வையில் பாய் நனைகிறது, குடம் குடமாகத் தண்ணீர் கேட்கிறாள். மத்தியானம் யாரிடமோ "வரிசையிலே வா, வரிசையிலே வா" என்று பிதற்றினாள். எனக்கு உயிரே போய்விட்டது.

இரண்டாம் படியிலேயே நிற்கிறதா? மூன்றில் விழுந்துவிட்டதா? மூன்று என்றால் மருந்தே வேறு. தப்பாகப் பிடித்தால் — வேண்டாம், எழுத மாட்டேன். மூன்று சீட்டு எழுதிக் கிழித்தேன். என் நோயாளி என்று நினைத்தால் கை ஓடும். என் அக்கா என்று நினைக்கிறேனே!

நானே போய் தாவைக் கூப்பிட்டேன். பஞ்சு அங்கியோடு வந்தார். படுக்கைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், ஆளுக்கொரு மணிக்கட்டு. நாடி அலை அடிப்பதுபோல் பெருத்திருந்தது. நாக்கு மஞ்சள், வறட்சி. ஆனால் மூன்றாம் படிக்கான கருஞ்சிவப்பு அடியில் இல்லை. மூன்று முறை பார்த்தேன். இல்லை.

"வாதாட வேண்டாம்" என்றார். "தனித்தனியா எழுதுவோம்."

அணைந்த அடுப்பின் பக்கத்தில், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதினோம். ஆகென் இரண்டையும் மருந்துக்கடைக்கு எடுத்துப்போனார். கடைக்காரர் அவரோடேயே ஓடி வந்தார்.

"என்ன விளையாட்டு இது? ரெண்டு பேரும் ஒண்ணையே எழுதியிருக்கீங்க!"

ஜிப்சம் கல், ஷிமூ கிழங்கு, அதிமதுரம், ஒரு பிடி அரிசி. வெள்ளைப்புலிக் கஷாயம். அவருக்கு அது இரண்டாம் வழி, எனக்கு இரண்டாம் படி. ஒரே ஒரு வித்தியாசம்: கல்லின் எடை என் சீட்டில்தான் அதிகம்.

தாவ் அதைப் பார்த்துவிட்டு, "இப்போ யாரு குதிரைக்கு எழுதறது?" என்றார். என் சீட்டின் எடையையே போடச் சொன்னார்.

ஜூன் 11

இரண்டு வேளை கொடுத்தாயிற்று. காய்ச்சல் அப்படியே இருக்கிறது. தாவும் நானும் மாறி மாறி நாடி பார்த்தோம். அவர் வீட்டுக்குப் போகவில்லை.

ஜூன் 12

விட்டது! விட்டதுவிட்டதுவிட்டது!

விடியும்போது வியர்வை நின்றது. நெற்றி குளிர்ந்தது. எட்டு மணிக்குக் கண்ணைத் திறந்து, "எவன்டா என் அடுப்பை அணைச்சது?" என்று கேட்டாள். ஆகென் தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். தாவ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். சளி என்றார். அவருக்குச் சளி நேற்றே போய்விட்டது. நாடி பார்த்தவள் நான்.

ஜூன் 17

அக்கா கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிடுகிறாள். "கொஞ்சம் இறைச்சி" என்று அவள் ஆரம்பிக்கும்போதே, "கூடாது" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். வெக்கை நோய் விட்டவர் இறைச்சி தின்றால் காய்ச்சல் திரும்பும். இதில் இரண்டு கட்சிக்கும் ஒரே கொள்கை.

அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "வைத்தியரே, உங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்தொன்பது."

"சமைக்க ஆளு?"

"அக்கா, மருந்தைக் குடி" என்றேன். காது சுட்டது.

ஜூலை 5

தினமும் சாயங்காலம் ஏதாவது ஒரு நோயாளியின் கதையோடு தாவ் வருகிறார். இன்று வரவில்லை. நான்கு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். ஐந்து.

என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன். வேகம். காய்ச்சல் இல்லை, நாக்கும் சுத்தம். சரி, புரிகிறது. இதற்கு யாருடைய புத்தகமும் வேண்டாம்.

ஜூலை 6

வந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பிரசவமாம். வெள்ளரிக்காய் கொண்டுவந்தார்.

செப்டம்பர் 30

காலையில் நாங்கள் இருவரும் கழி போட்டு ஒரு பெரிய கூடையைத் தூக்கிக்கொண்டு வெந்நீர்க்கடைக்குப் போனோம். பதினெட்டுப் பன்றித் தொடைகள். எங்கள் சம்பந்தத்தைப் பேசி முடித்துவைத்தவருக்கு இந்த ஊரில் அதுதான் மரியாதை. சந்தே வேடிக்கை பார்த்தது. பாலத்தில் அவர் பக்கம் கழி தாழ்ந்து கூடை என் முழங்காலில் இடித்தது; யார் உயரம் என்று அங்கேயே ஒரு வாக்குவாதம்.

நியு அக்கா ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தாள். "மூணரை மாசம் கஞ்சியிலேயே என்னைக் கொன்னீங்க. இப்போவாவது தின்னலாமா, இல்லே இதுக்கும் ஆளுக்கொரு கட்சியா?"

நானும் வாயைத் திறந்தேன், என் வீட்டுக்காரரும் திறந்தார்.

"நாக்கை நீட்டு அக்கா" என்றேன்.

நீட்டினாள். இளஞ்சிவப்பு, ஈரம், மேலே மெல்லிய வெள்ளைப் படலம். இருவரும் குனிந்து பார்த்தபடியே நின்றோம். இரண்டு பேருக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வரிசையில் கெண்டிகள் காத்திருந்தன.

"வாயை மூடிக்கலாமா?" என்று அக்கா நாக்கை உள்ளே இழுக்காமலேயே கேட்டாள்.