ஜீனியின் கால்முடி

அத்தை,

பார்லி சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கினால் போதும். குதிரை மருத்துவர் மில்ராய் பதினொரு மணிக்கு ஊசி போட வருவார். லாயச் சாவி வாசல் ஆணியில்.

ஜீனியின் முன் இடது காலில், குளம்பை மூடித் தொங்கும் வெள்ளை முடியை ஒட்ட வெட்டிவிட்டேன். "மொட்டைக் காலோட கிளைட்ஸ்டேல் குதிரையக் கண்காட்சிக்குக் கொண்டுபோனா லனார்க் ஊரே சிரிக்கும் மாப்ளே! என் மக மோர்வென் வளர்த்த குதிரை அது" என்று நேற்றே சொன்னீர்கள். நான் பாதியில் எழுந்து போனது தப்பு.

வெட்டின காலைப் பாருங்கள். தோல் முழுக்கப் பொருக்கும் ரத்தமும். முடிக்குள் பூச்சி அரித்திருக்கிறது. நாம் வாராவாரம் சோப்புப் போட்டு, வெள்ளையாகத் தெரிய மரத்தூளும் தூவி, அதை மூடியே வைத்திருக்கிறோம். அவள் தரையை உதைத்தபோதெல்லாம், "மோர்வெனத் தேடுது பாவம்" என்றீர்கள். எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. அவள் தேடவில்லை அத்தை. மோர்வென் இறந்த இந்த மூன்று மாதமும் அரிப்புத் தாங்காமல்தான் உதைத்திருக்கிறாள்.

லாயத்தில் கிடந்த பழைய வைக்கோலை எரித்துவிட்டேன், பூச்சி அதிலும் இருக்கும். புதிது வாங்கப் போகிறேன். வீட்டில் உட்கார முடியவில்லை.

யூவன்

பி.கு.: மருத்துவர் பார்க்கும்வரை கந்தக எண்ணெய் பூசாதீர்கள். புண் எரியும்.

இன்னொன்று. மற்ற மூன்று கால்களையும் இன்றே வெட்டியாக வேண்டும். கத்தரியோடு நான் கிட்டே போனாலே மிரள்கிறாள். உங்களுக்கு மோர்வெனின் குரல் அப்படியே இருக்கிறது. தலைப்பக்கம் நின்று அவளோடு பேசிக்கொண்டிருப்பீர்களா?