மஃப்ளர் கட்டிய நைனாவுக்கு

நைனா,

இன்றைக்கு மதியம் உன் முகம் ஒரு பிரியாணி டப்பாவின் மேல் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. சூடாகத்தான் வந்தது. மூடியின் ஓரத்தில் கசிந்த எண்ணெய் உன் மீசையில் இறங்கியிருந்தது. நூம்பலில் புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நான் இப்போது வாட்ச்மேன். நீ திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பதினெட்டு வருஷம் பார்த்த அதே வேலை. "எம்புள்ள இந்த ஸ்டூல்ல குந்தக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே பார்த்தாயே, அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வருகிற பொட்டலங்களை வாங்கி, வீட்டு எண்ணை எழுதி, மேசையில் அடுக்க வேண்டும். பி பிளாக் நான்காம் மாடிக்கு வந்த டப்பாவில் நீ இருந்தாய். தலையைச் சுற்றிச் சிவப்பு மஃப்ளர். அதன் கீழே கொட்டை எழுத்தில் 'நிறுவனர்'.

சோறு வடிக்கத் தெரியாத மனிதன் நீ. அம்மா போன பிறகு ஒரு வாரம் டீயும் பன்னுமாக ஓட்டியவன். உன்னைப் பிரியாணிக்கு நிறுவனர் ஆக்கியது நான்தான். அதைப் பற்றி உன்னிடம் ஒருமுறை கூட ஒழுங்காகப் பேசவில்லை. இப்போது எழுதுகிறேன், வெட்கம் கெட்ட வேலைதான்.

உனக்கு நினைவிருக்கும். நெடுஞ்சாலை ஓரமாக 'மஃப்ளர் தாத்தா பிரியாணி' கிளை திறந்த புதிதில் கரையான்சாவடியே அங்கே போய் வரிசையில் நின்றது. மேற்கே ஏதோ மலையடிவாரத்து ஊர்க்காரர் அந்தத் தாத்தா. குளிருக்குத் தலையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு அடுப்படியில் நின்ற ஆள். அவர் படம்தான் அந்தக் கடைக்கு அடையாளம். வருஷம் திரும்புவதற்குள் பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை தாத்தாக்களாக முளைத்தார்கள். நியூ மஃப்ளர் தாத்தா, ஸ்ரீ மஃப்ளர் தாத்தா, மஃப்ளர் ஐயா. எல்லா போர்டிலும் 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை'. அது ஒன்றுதான் அந்தப் போர்டுகளில் இருந்த உண்மை.

பெயரை ஒரு எழுத்து கூட்டியோ குறைத்தோ எடுத்துக்கொண்டுவிடலாம். படம்தான் சிக்கல். கிழவர் படம் இல்லாத பிரியாணிக் கடையைச் சனம் நம்பாது, அசல் கிழவரின் படத்தைப் போட்டால் கையோடு பிடித்துவிடுவார்கள். அதனால் கடை போடுகிறவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டில் ஒரு கிழவரைத் தேடினார்கள். ஒருவன் மாமனாரைப் போட்டான். வேலப்பன்சாவடியில் ஒருவன் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டரைக் கெஞ்சிக் கூட்டிவந்தான். நான் நம் வீட்டுக் குழாயடியைத் திரும்பிப் பார்த்தேன். நீ உட்கார்ந்து மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாய்.

பூந்தமல்லி ஸ்டுடியோவில் சித்திரை வெயிலில் உன்னை உட்கார வைத்தேன். மச்சான் ஊட்டியிலிருந்து வாங்கி வந்த மஃப்ளரை நானே உன் தலையில் கட்டினேன். நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. துடைக்கப் போன உன் கையைப் பிடித்துக் கீழே வைத்தேன், போட்டோகிராபர் அவசரப்பட்டார் என்று.

"இன்னாத்துக்குடா அடுத்தவன் மூஞ்சிய எனக்கு மாட்டுற?" என்று கேட்டாய்.

"சும்மா ஒரு படம் நைனா. நீ ஒண்ணியும் செய்ய வேணாம், குந்தினு இரு, அது போதும்."

'ஒரிஜினல் மஃப்ளர் தாத்தா பிரியாணி. நான்கு தலைமுறைப் பாரம்பரியம்.' போர்டு ஏறிய அன்று நீ அண்ணாந்து எழுத்துக் கூட்டிப் படித்தாய். நம் நான்கு தலைமுறையும் நூம்பலில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் கிடந்தது. பாரம்பரியம் என்ற சொல்லை நம் வீட்டில் யாரும் வாயில் எடுத்ததில்லை. நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாய்.

படத்தோடு விட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. எனக்கு ஆசை அடங்கவில்லை. கல்யாண மண்டபத்து ராஜா நாற்காலி ஒன்றைப் பிடித்து வாசலில் போட்டு, சனி ஞாயிறுகளில் உன்னை மஃப்ளரோடு அதில் உட்கார வைத்தேன். பிளாட்டுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். உன் தோளில் கை போட்டுப் படம் எடுத்தார்கள். குழந்தையை உன் காலில் விழ வைத்தார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு அம்மாள் குனிந்து, "தாத்தா, உங்க மசாலா ரகசியம் என்ன?" என்று கேட்டாள். நீ பொய் சொல்லத் தெரியாத ஆள். "நா வாட்ச்மேனு..." என்று ஆரம்பித்தாய். நான் இலைக்கட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

"மேடம், அவருக்குக் காது கேக்காது. வயசாயிடிச்சி. வேற எதுனா சொல்லிக்கினு இருப்பாரு."

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு வாயை மூடிக்கொண்டாய். அந்தப் பார்வையை நான் அன்றைக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீ செவிடாக இருக்கப் பழகிக்கொண்டாய், எனக்காக. ஒருநாள் உள்ளே ஒரு அடுக்குத் தட்டு விழுந்து கடையே திரும்பிப் பார்த்தது. நீ திரும்பவில்லை. எவ்வளவு தேறிவிட்டாய் என்று எனக்குப் பெருமையாக இருந்தது நைனா. மாஸ்டரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் அதற்கு முன் இரண்டு தாத்தா கடைகளில் சமைத்தவர், எல்லாவற்றையும் பார்த்தவர். அவர் கூடச் சிரிக்கவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிறு பிற்பகல் அந்தப் பையன் வந்தான். முப்பது வயது இருக்கும், சட்டையை மடித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. கை கழுவிவிட்டு உன் நாற்காலிக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சண்டை போடுகிற குரல் இல்லை.

"எங்க தாத்தாவும் இப்படித்தானுங்க வாசல்ல உக்காந்திருப்பாரு. போன தையில தவறிட்டாருங்க. உங்களத் தூரத்துல இருந்து பாத்ததும் ஒரு நிமிஷம் எனக்கு என்னமோ ஆயிடுச்சு."

நான் பக்கத்தில் போய், "சார், அவருக்குக் காது கேக்காது" என்றேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு கையாலும் மஃப்ளரை அவிழ்த்தாய். வியர்வையில் தலைமுடி ஒட்டிக் கிடந்தது. மஃப்ளரை நான்காக மடித்து அவன் மடியில் வைத்தாய்.

"தம்பி, நா அவுரு இல்ல. இத்த வாங்கிக்க. என்னிய மன்னிச்சிடு."

பக்கத்து மேசையில் யாரோ, "கேக்குதே அவருக்கு" என்றார்கள். அவன் மஃப்ளரை எடுத்துக்கொள்ளவில்லை, நாற்காலிக் கையில் வைத்தான். என்னிடம், "பேரையும் படத்தையும் எடுத்துருங்க. இவரு மொகத்துக்காகச் சொல்றேனுங்க, இல்லாட்டி வக்கீல் வழியா வருவோம்" என்றான். உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். அவனுக்கு உன்மேல் இருந்த மரியாதையில் பாதி எனக்கு இருந்திருந்தால் அன்றே போர்டு இறங்கியிருக்கும்.

நான் என்ன செய்தேன்? அண்டாக்களுக்குப் பின்னால் உன்னை இழுத்துக்கொண்டு போய், "வாயத் தொறந்து பொயப்ப கெடுத்துட்டியே. செவுடாவே இருந்து தொலைய வேண்டியதுதானே" என்றேன். மாஸ்டர் நின்று கேட்டார், பாத்திரம் கழுவுகிற அக்கா கேட்டாள். நீயும் கேட்டாய். அதுதான் நான் சொல்லி நீ கடைசியாகக் கேட்டது.

வக்கீல் நோட்டீஸ் வந்தது. போர்டை இறக்குவதற்குப் பதில் கடையையே இன்னொருவனுக்குக் கைமாற்றினேன். உன் மருமகள் என் பின்னாலேயே வந்து, "மாமா படத்தையாச்சும் கயட்டிட்டுக் குடு" என்றாள். வாங்கினவனிடம் சொன்னேன். "படத்துக்குத்தானே மாமே கடையே? பேர நா மாத்திக்கிறேன். பெரிசு இருக்கட்டும்" என்றான். கையெழுத்துப் போட்டேன். அண்டா, அடுப்பு, ராஜா நாற்காலி, மஃப்ளர், நீ.

வீட்டில் நீ என்னோடு பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. முதலில் கோபம் என்று நினைத்தேன். மாதங்கள் ஆக ஆக, வயசாகிவிட்டது, நிஜமாகவே காது போய்விட்டது என்று முடிவு கட்டினேன். சொந்தக்காரர்களிடமும் அப்படியே சொன்னேன். நான் வேலை தேடிக் காலையில் போனால் பொழுது சாயத்தான் திரும்புவேன். கத்திக் கத்திப் பேசினேன், பிறகு கைச்சாடையில் பேசினேன். சோறு, மருந்து, குளியல் எல்லாவற்றுக்கும் சாடை.

கடைசியாக உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் உன் தலைமாட்டில் நின்று, சாதாரணக் குரலில், "தாத்தா, வலி எங்க இருக்கு?" என்றாள். "நெஞ்சாண்ட கீதும்மா" என்றாய். நான் கட்டிலின் கால்பக்கம் நின்றிருந்தேன். வெளியே வந்து உன் மருமகளைக் கேட்டேன்.

"எங்கையில தெனமும் பேசினுதான் இருந்தாரு. உனுக்குத் தெரியாதா?" என்றாள்.

மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் தேடினேன். ரேஷன் கார்டில் கரி அப்பினாற்போல ஒன்று, அவ்வளவுதான். ஃப்ளெக்ஸ் கடைக்காரர், "உங்கப்பா படம் எங்கையில ஏற்கனவே கீது அண்ணாத்தே" என்று திரையில் திறந்து காட்டினார். மஃப்ளரை எடுக்க முடியுமா என்று கேட்டேன். எடுத்தால் தலை பாதிதான் வரும் என்றார். நம் தெரு முனையில் மூன்று நாள் நீ மஃப்ளரோடு நின்றாய். கடையை வாங்கினவன் பெரிய மாலையோடு வந்தான். கடை வாசலில் 'எங்கள் நிறுவனர் மறைந்தார்' என்று ஒரு பேனர் கட்டி, ஒருநாள் விடுமுறையும் விட்டானாம். மறுநாள் அனுதாபத்தில் கூட்டம் அலைமோதியது என்று அவனே வந்து சொன்னான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவன் வாங்கியதை விற்கிறான். விற்றவன் நான்.

இப்போது அவனுக்கு ஆவடியில் ஒரு கிளை, அம்பத்தூரில் ஒரு கிளை. போன வாரம் பஸ்ஸில் போகும்போது இன்னொருவன் போர்டைப் பார்த்தேன். உன் படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறான், மீசையைக் கொஞ்சம் நீளமாக்கி. தலைமுறையையும் ஐந்தாக்கிவிட்டான்.

இன்றைக்கு டப்பாவை வாங்க பி பிளாக் அம்மாள் மகளோடு இறங்கி வந்தாள். நல்ல மாதிரி, தீபாவளிக்கு எனக்கும் ஸ்வீட் பாக்ஸ் தருகிறவள். நான் உன் மீசையிலிருந்த எண்ணெயைக் கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டிருந்தேன். டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, இந்தத் தாத்தா அச்சு அசல் உங்கள மாதிரியே இருக்காரே. உங்களுக்கு ஏதாவது சொந்தமா?"

என் நைனா என்று சொல்ல இரண்டு சொல் போதும். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியென்றால் இந்தக் கடை உங்களுடையதா, பின்னே ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், அவர் எப்படிச் சமைப்பார். நான் பதிவேட்டை இழுத்து வைத்து, ஏற்கனவே எழுதிய வீட்டு எண்ணின் மேலேயே மறுபடி எழுதினேன். அவள் இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கக் கேட்டாள். நான் பேனாவை நிறுத்தவில்லை.

டப்பாவை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போகிறபோது மகளிடம் சொன்னாள். "பாவம், அவருக்குக் காது கேக்காது போல."

நான் திரும்பவில்லை, நைனா.