டாக்டருக்குப் போகாது

மார்ச் 4, செவ்வாய்

சுகாதார நிலையத்தில் டாக்டர் அறைக்கு அடுத்த அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். இதுவரை பஞ்சு மூட்டை வைத்திருந்த இடம். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒலிப்பதிவுக் கருவி. வைத்தியத்துக்கு வருகிறவர்களிடம், இங்கே உங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதுதான் என் ஆராய்ச்சி வேலை. இன்று வந்த அத்தனை பேரும் "நல்லா பாத்துக்கிறாங்க" என்றார்கள். என் கழுத்து அட்டையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மேலிடத்திலிருந்து சோதனைக்கு வந்த ஆள் என்று நினைப்பு. விளங்கின மாதிரிதான்.

மார்ச் 5, புதன்

பேராசிரியர் போனில் சொன்னார்: "நீங்க பேசுறது எதுவும் டாக்டருக்குப் போகாதுன்னு முதல்லயே அடிச்சுச் சொல்லிடுங்க. அப்பத்தான் வாயைத் திறப்பாங்க."

மார்ச் 7, வெள்ளி

திறந்தது வாய்! கடைத்தெருவில் பட்டன், நூல், ஜிப் விற்கிற அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள். பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. டாக்டருக்குப் போகாது என்று நான் சொன்னதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டாள். "என் மூஞ்சியே அவருக்குத் தெரியாது. சீட்டைப் பாத்துத்தான் பேசுவாரு. நாளைக்கு நான் வராம சீட்டை மட்டும் அனுப்பினாலும் வைத்தியம் பாத்துருவாரு." சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

நடுவில் என்னையே கேட்டாள். "உனக்கு வீட்ல யாரு?"

யாரும் இல்லை என்றேன்.

"அப்ப உன்னை யாரு இப்படி உக்கார வச்சுக் கேக்குறது?"

அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். போகும்போது எனக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர் வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 8, சனி

வெளியூரில் இருக்கும் தம்பி போன் செய்தான். நான் பேச ஆரம்பிக்கும்போதே அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள். சாப்பிடும்போது அக்காவின் பதிவைப் போட்டுக் கேட்டேன். எழுதி எடுப்பதற்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். பொய். நேற்றே எழுதி முடித்தாயிற்று.

மார்ச் 14, வெள்ளி

இரண்டாம் பேட்டி, அவள் கடையிலேயே. செருப்புக்குள் குண்டூசி கிடந்திருக்கிறது. அது குத்தியதே தெரியாமல் நாள் முழுக்க நின்று வியாபாரம் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியபோதுதான் ரத்தம் தெரிந்ததாம். "என் கால் எனக்கே சொல்ல மாட்டேங்குது ஆராய்ச்சி" என்றாள்.

என்ன ஒரு வாக்கியம்! அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடலாம். பேராசிரியருக்கு உடனே அனுப்பினேன். "அபாரம்" என்று பதில் வந்தது.

மார்ச் 19, புதன்

ஒருவரை இரண்டு முறைதான் பேட்டி எடுக்கலாம். ஆனாலும் போனேன். ஏதோ சரிபார்க்க வேண்டும் என்று இல்லாத சந்தேகத்தை உண்டாக்கிக்கொண்டு. டீ வாங்கிக் கொடுத்தாள். நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கச் சொல்லி வேலையும் வாங்கினாள். கிளம்பும்போது, "சொன்னதெல்லாம் பாத்துக்குவேல்ல?" என்றாள். பாத்துக்கறேன்க்கா என்றேன். இவ்வளவு சந்தோஷமாக நான் தங்கியிருக்கும் அறைக்குத் திரும்பி எத்தனை நாளாயிற்று?

ஏப்ரல் 1, செவ்வாய்

கடை பூட்டியிருந்தது. பின்னாலேயே வீடு. படுத்திருந்தாள். காலைத் துணியால் சுற்றியிருந்தாள். வாடை. விரல்கள் கறுத்து—

"ஏன்க்கா டாக்டர்கிட்ட போகல?"

"உன்கிட்டதான் சொல்லிட்டேனே. அவரு கூப்பிட்டு அனுப்புவாருன்னு இருந்தேன்."

"எதுவும் டாக்டருக்குப் போகாதுன்னு நான்தான் அன்னிக்கே..."

"நான் அவரைத் திட்டினது போகாதுன்னு சொன்னே. என் காலும் போகாதுன்னா சொன்னே?"

ஆட்டோ பிடித்து சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்தவுடன் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டார். "ஏம்மா, இதை முன்னாடியே யார்கிட்டயும் சொல்லலையா?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. நானும்தான் திறக்கவில்லை. சீ.

ஏப்ரல் 3, வியாழன்

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். வார்டு வாசலில் அவள் கணவர், "இப்ப யாரையும் பாக்க வேணாங்கிறா" என்றார். எல்லோரும் உள்ளே போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஏப்ரல் 4, வெள்ளி

பேராசிரியர்: "ஆபத்துன்னு பட்டா அவங்க சம்மதத்தோட டாக்டர்கிட்ட சொல்லலாமே. பயிற்சியில சொன்னோமே." ஆமாம், சொன்னார்கள். எனக்குத்தான் ஆபத்து தெரியவில்லை, வாக்கியம்தான் தெரிந்தது. நான் என்ன ஜென்மம்?

ஏப்ரல் 12, சனி

அவள் கணவர் போனில் பேசினார். ஆய்விலிருந்து விலகிக்கொள்கிறாளாம், அவள் பேசியது எதுவும் என்னிடம் இருக்கக் கூடாதாம். அது அவள் உரிமை. பதிவுகள், எழுதி எடுத்தது, பிரதிகள், எல்லாவற்றையும் அழித்தேன். அழிப்பதற்கு முன் ஒருமுறை கேட்டுவிடலாமா என்று கை துறுதுறுத்தது. கேட்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

சாப்பிடும்போது ஒரு சத்தமும் இல்லை. பாதியிலேயே எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

இப்போதெல்லாம் பேட்டி முடிந்ததும் கருவியை அணைத்துவிட்டுக் கேட்கிறேன்: "இதுல டாக்டருக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்கா?" இருந்தால் கூடவே எழுந்து போய் அவர் கதவைத் தட்டுகிறேன். இன்று ஒரு பெரியவர், நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னார். ஏற்கெனவே என்னிடம் சொல்லிவிட்ட திருப்தியில் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

ஜூன் 6, வெள்ளி

நேற்று அறிக்கையைக் கொடுத்தாயிற்று. எல்லோரும் பாராட்டினார்கள். முதல் பக்கத்தில் வேறு யாரோ சொன்ன வாக்கியம் இருக்கிறது.

இன்று பட்டன் கடைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இளைத்துவிட்டாள்.

"என்ன வேணும்ங்க?"

வாயில் வந்தது கறுப்பு நூல். எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு நின்றேன்.

"கால் இப்ப எப்படிக்கா இருக்கு?"

"அதை டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "உங்களுக்கு?" என்று கேட்டாள்.

நான் ஒதுங்கி வழிவிட்டேன்.