ராஜாவும் பட்டினியும்

ஜனவரி 17
போன் ரிப்பேர் கடையில ஒரே உடைஞ்ச ஸ்க்ரீனா வந்துச்சு. ரிப்பேர் பண்ணிக்கிட்டே யூடியூப்ல 'பழ அக்கா'வோட லைவ் பார்த்தேன். பழங்களோட வேதியியல்ல அவங்கள அடிச்சுக்க ஆளே இல்ல! ஸ்ட்ராபெரிக்குத் தண்ணிய கொஞ்சம் குறைச்சா, செடி தன்னைக் காப்பாத்திக்க செவப்பு நிறம் தர்ற சத்த நிறைய செய்யுமாம். பழம் சின்னதாகும், இனிப்பு கூடும். நாம கஷ்டத்துல மூஞ்சிய தூக்குவோம், அது கலர் ஏத்துது!

பால்கனியில ரெண்டு தொட்டியில ஸ்ட்ராபெரிச் செடி வெச்சாச்சு. பேரு ராஜா, பட்டினி. ராஜாவுக்கு ஒரு குவளை, பட்டினிக்கு அரைக் குவளை. மத்தியானம் நான் கடையில இருப்பேன், அதனால ஊத்துறது அம்மா.

"இதைத் தின்னா என் முட்டிவலி போகுமாடி?"
"தெரியாதும்மா. நல்லது பண்ணலாம்னுதான் சொல்றாங்க. 'லாம்'!"

ஜனவரி 20
பூ!!!

பிப்ரவரி 17
பட்டினி நிமிர்ந்து நிக்குது. அரைத் தண்ணியில! ராஜாதான் துவண்டு கிடக்கு. தண்ணி ஜாஸ்தியாகி வேர் அழுகுதோ?

போட்டோ அனுப்பினேன். பழ அக்கா பதில் போட்டாங்க — எனக்கு! "தாகம் தாங்குற செடியா இருக்கலாம். ஞாயித்துக்கிழமை லைவ்ல நீயே வந்து சொல்லேன்." கத்தின கத்துல பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்தார்.

பிப்ரவரி 20
முதல் பழங்கள். செகண்ட்ஹேண்ட்ல வாங்கின இனிப்பு அளக்குற குழாய்ல ஒரு சொட்டு சாறு விட்டு வெளிச்சத்துல பார்த்தேன். பட்டினி 7. ராஜா 11.

என்னது? தலைகீழா? ராஜா பழம்தான் குட்டியா, கருஞ்செவப்பா இருக்கு. பட்டினியோடது பெருசு, சப்புன்னு. அப்போ அக்கா சொன்னது தப்பா? என் செடி மட்டும் அதிசயமா?

பிப்ரவரி 21
கடையில கரண்ட் இல்ல, மத்தியானமே வந்துட்டேன். அம்மா பால்கனியில. முழுக் குவளைய அப்படியே பட்டினிக்கு ஊத்துறாங்க, அரைக் குவளை ராஜாவுக்கு!

"அம்மா! என்ன பண்றீங்க?"
"முதல் நாளே வாடிப் போச்சுடி, பாவம். ராஜாவோ கொழுத்து நின்னுச்சு. நீயே சொல்லு, யாருக்கு ஊத்துவே?"
"தினமுமா?"
"பின்னே? பேரப் பாரு, பட்டினியாம்! பிள்ளைக்கு இப்படி ஒரு பேர் வெப்பியா?"

கத்தலாம்னு வாயத் திறந்தேன். சிரிப்புதான் வந்துச்சு. அக்கா சொன்னது சரிதான். பட்டினி கிடந்தது ராஜா!

ஆனா நாளைக்கு லைவ். தாகம் தாங்குற செடின்னு ஒண்ணு இல்லவே இல்ல. சும்மா இருந்தா யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே, ச்சே.

நடந்தத அப்படியே அக்காவுக்கு எழுதி அனுப்பிட்டேன்.

பிப்ரவரி 22
லைவ்ல எனக்குப் பதிலா வேற ஒருத்தர் வந்தார், எலுமிச்சையோட. நல்லாத்தான் பேசினார் (கடுப்பு).

அப்புறம் பழ அக்காவோட மெசேஜ்: "ஒரு ஜோடி செடிய வெச்சு முடிவு சொல்லக் கூடாது. திரும்பப் பண்ணு. இந்தத் தடவ எதுக்குக் கம்மித் தண்ணின்னு உனக்கே தெரியக் கூடாது. தெரிஞ்சா நாக்கு பொய் சொல்லும். அம்மாவையே பொறுப்பா போடு."

மார்ச் 29
இப்போ ஆறு தொட்டி. எதுக்கும் பேர் கிடையாது. பால்கனிப் பக்கம் போக எனக்கே தடை. அம்மா பக்கத்து வீட்டு மாமாகிட்ட "ஆராய்ச்சி நடக்குது, சத்தம் போடாதீங்க"ன்னு சொல்லியிருக்காங்க.

இன்னைக்கு ஆறு கிண்ணத்துல பழத்த வெச்சுட்டுக் கையக் கட்டிக்கிட்டு நின்னாங்க.

"எதும்மா கம்மித் தண்ணி? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."
"ஷ்ஷ். முதல்ல கடி."